ஏழாம் அத்தியாயம்: ஹாப்ஸ் மிகுந்து மது குறைந்த பீர்

சென்ற அத்தியாயத்தில், 6 முதல் 8 சதவீதம் வரை மதுச்சத்துக் கொண்டு, அமெரிக்க ஹாப்ஸின் வாசனையை முன்னிறுத்திக் காய்ச்சப்படும் ஐ.பி.ஏ. வகைகளைப் பற்றிச் சற்று விரிவாகவே பார்த்தோம். அந்த வாசனையையும் கசப்பையும் கைவிடாமல், மதுச்சத்தை மாத்திரம் 3 அல்லது 4½ சதவீதத்துக்கு இறக்கினால் கிடைப்பது தன்னளவில் முழுமையான ஒரு பானமா, அல்லது முழுமையான ஒன்றிலிருந்து எதையோ பிடுங்கிவிட்ட மிச்சமா என்ற கேள்வி, இந்த நூற்றாண்டு பிறந்தது முதலே அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் கிராஃப்ட் பீர் ரசிகர்களிடையே தீராத விவாதத்துக்கு விஷயமாக இருந்துவருகிறது. விவாதத்தில் கலந்துகொள்பவர்களில் பெரும்பாலோர் தம் கட்சியை முதலிலேயே தீர்மானித்துக்கொண்டு, பிறகுதான் கண்ணாடிக் கோப்பையைக் கையில் எடுக்கிறார்கள் என்பது என் அபிப்பிராயம். வாசகர் அந்த வரிசையை மாற்றிக்கொள்ள இந்த அத்தியாயம் உதவுமானால் போதும்.

விவாதம் எப்படி எழுந்தது என்பதை முதலில் சுருக்கமாகத் தெரிந்துகொள்வது நல்லது. அமெரிக்கக் கிராஃப்ட் பீர் ஆலைகள், பெரிய கம்பெனிகளின் சாரமற்ற லாகருக்கு எதிர்வினையாகத் தோன்றியவை; ஆகையால் கசப்பிலும் வாசனையிலும் மதுச்சத்திலும் ஒன்றையொன்று விஞ்சுவதே அவற்றின் இயல்பான போக்காயிற்று. கலிஃபோர்னியாவில் ரஷ்யன் ரிவர் ஆலையார் காய்ச்சும் பிளைனி தி எல்டர் 8 சதவீதம். அதை ஆதர்சமாகக் கொண்டு எழுந்தவை அதற்கும் மேலே போயின. இந்த வேகத்தைக் கண்டு அலுத்த பத்திரிகையாளர் லூ பிரைசன் என்பவர், 2007-ஆம் ஆண்டில், 4½ சதவீதத்துக்கு மேற்படாத பீர்களுக்காக ஓர் இயக்கத்தைத் தொடங்கினார். ஒரே அமர்வில் இரண்டு மூன்று கோப்பைகள் அருந்தினாலும் புத்தி தெளிவாகவும் பேச்சு ஒழுங்காகவும் இருக்கக்கூடிய பீரைச் 'செஷன் பீர்' என்று சொல்லும் ஆங்கிலேயச் சம்பிரதாயத்தைத்தான் அவர் அமெரிக்காவில் நிலைநாட்ட விரும்பினார். ஆனால் அவர் எண்ணிய மெல்லிய, மால்ட் மணக்கும் பீர்கள் அங்கே பெரிதாக எடுபடவில்லை. எடுபட்டது, மிச்சிகன் மாநிலத்துக் கிராண்ட் ராப்பிட்ஸ் நகரில் ஃபவுண்டர்ஸ் ஆலையார் வெளியிட்ட ஆல் டே ஐ.பி.ஏ.; அதன் மதுச்சத்து 4.7 சதவீதம், அதாவது பிரைசன் போட்ட கோட்டை மயிரிழையில் தாண்டியது. 2014-ல் ஸ்டோன் ஆலையின் கோ டூ ஐ.பி.ஏ.யும் ஃபயர்ஸ்டோன் வாக்கரின் ஈஸி ஜாக்கும், இரண்டும் 4½ சதவீதத்தில், அதே பாதையில் வந்தன. பீர்ப் போட்டிகளின் நடுவர்களுக்கு இலக்கணம் வகுக்கும் பி.ஜே.சி.பி. சபையார் 2015-ஆம் ஆண்டுப் பதிப்பில் 3 முதல் 5 சதவீதம் வரையுள்ள ஐ.பி.ஏ.க்குச் 'செஷன்' என்ற அந்தஸ்தை அளித்துவிட்டார்கள்.

இதையெல்லாம் அட்லாண்டிக்கின் மறுகரையிலிருந்து பார்த்த ஆங்கிலேயருக்குச் சிரிப்புத்தான் வந்தது. லண்டனில் ஃபுல்லர்ஸ் ஆலையார், பிட்டர் என்னும் ஆங்கிலேய ஏல் வகையில் பெயர் பெற்ற சிஸ்விக் பிட்டரை 3½ சதவீதத்திலேயே காய்ச்சினார்கள். யார்க்‌ஷயரின் டிமதி டெய்லர் லேண்ட்லார்ட், வலுவான பிட்டர் என்று மதிக்கப்படுவது, பீப்பாயில் 4.3 சதவீதம். இந்த அளவை அவர்கள் சுகாதார நோக்கத்தோடு தேர்ந்துகொண்டார்கள் என்று நினைத்தால் தவறு. முதல் உலகப் போருக்கு முன்னால் பிரிட்டிஷ் பீரின் சராசரி மூல அடர்த்தி, தண்ணீரை 1000 என்று வைத்துக்கொள்ளும் கணக்கில், 1052 அளவில் இருந்தது. தானியத் தட்டுப்பாடும், வரியும், சர்க்காரின் கட்டுப்பாடும் சேர்ந்து, போர் முடியும் தறுவாயில் அதை 1030-ஐ ஒட்டி இறக்கிவிட்டன. பிறகு அது பழைய உயரத்துக்கு ஏறவேயில்லை. நிர்ப்பந்தத்தால் வந்த மெலிவை இரண்டு மூன்று தலைமுறைகள் பழகிப் பழகி ஒரு கலையாக்கிவிட்டன என்று சொல்வதே பொருந்தும்.

சரித்திரத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொரு வாதத்தையும் அப்புறப்படுத்திவிடலாம். ஐ.பி.ஏ. என்பது இந்தியாவுக்குக் கப்பலேறி வந்த பீர், நீண்ட யாத்திரையைத் தாங்குவதற்காகவே அதற்கு மது மிகுதியாகச் சேர்ந்தது, ஆகவே மெலிந்த ஐ.பி.ஏ. என்பதே முரண்பாடு என்று சிலர் அடித்துச் சொல்வார்கள். கிழக்கு லண்டனில் போ என்ற இடத்தில் ஆலை வைத்திருந்த ஹாட்ஜ்ஸன் முதலானோரின் வெளிறிய ஏல், கல்கத்தாவிலும் சென்னையிலும் பம்பாயிலும் கம்பெனி உத்தியோகஸ்தர்களின் மேசைக்கு வந்தது உண்மை. அதில் ஹாப்ஸ் அதிகம் என்பதும் உண்மை. ஆனால் அதன் மதுச்சத்து அக்காலத்து அளவுகோலில் உயர்ந்ததன்று. அதே கப்பல்களில் போர்ட்டர் என்ற கறுப்புப் பீரும் ஏராளமாக வந்து கெடாமல் இறங்கியது. பரம்பரையைக் காட்டி இந்த வழக்கில் எந்தக் கட்சியும் வெல்ல முடியாது.

இனி, எதிர்க்கட்சியாரின் பிரதான குற்றச்சாட்டுக்கு வருவோம். மது குறைந்த ஹாப்ஸ் பீர் வாயில் நீர்த்துப்போகிறது, கடைசியில் வெறும் 'ஹாப்ஸ் டீ' தான் மிஞ்சுகிறது என்பது அவர்கள் சொல்வது. இதை வெறும் ஏளனமென்று தள்ளிவிடக்கூடாது. இந்தப் பெயரில் விற்கும் பீர்களில் ஒரு பெரும்பகுதிக்கு அது பொருந்தும். மது என்பது போதை தரும் சரக்கு மாத்திரமன்று. நாவில் ஒரு மெல்லிய தித்திப்பையும், தொண்டையில் ஓர் இளஞ்சூட்டையும், பானத்துக்கு ஒரு கனத்தையும் தருவது அதுதான். ஹாப்ஸின் எண்ணெய்களைப் பிடித்துவைத்து, விழுங்கிய பிறகும் வாசனை நீடிக்கும்படி செய்வதிலும் அதற்குப் பங்குண்டு. மது குறையும்போது அந்த எண்ணெய்கள் திரவத்தில் தங்காமல் எளிதாக ஆவியாகி மேலே கிளம்புகின்றன. அதனால்தான் இத்தகைய பீரை முகர்ந்தால் எலுமிச்சையும் மாம்பழமும் கமகமக்க, வாயில் வைத்ததும் அந்தப் பிரதாபம் எங்கோ போய்விடுகிறது.

கசப்பின் கதையும் இப்படித்தான். 1065 மூல அடர்த்தியில் தொடங்கி, நொதித்து 1012-ல் நிற்கும் ஒரு பீர் ஏறத்தாழ 7 சதவீதம் மதுவுடையது. அதில் 65 அலகு கசப்பு இருந்தாலும் மால்ட்டின் சாரம் அதை ஏந்திக்கொள்ளும். காய்ச்சுபவர் அதே ஹாப்ஸ் கணக்கை மாற்றாமல் மால்ட்டை மட்டும் குறைத்து, 1045-ல் தொடங்கி 4½ சதவீதத்தில் முடிப்பாரானால், அதே 65 அலகு அங்கே ஏந்துவாரின்றி நாக்கில் வந்து விழும். பருப்புத் தண்ணீரைக் குறைத்துவிட்டு மிளகை அப்படியே வைத்த ரசம் எப்படியோ அப்படித்தான் இதுவும்: காரம் இருக்கிறது, ரசம் இல்லை. ஆல் டே ஐ.பி.ஏ.யின் கசப்பு 42 அலகு என்பதைக் கவனித்தால், ஃபவுண்டர்ஸ் ஆலையார் இந்தப் பிழையை அறிந்தே தவிர்க்கிறார்கள் என்பது விளங்கும்.

கசப்போடு துவர்ப்பும் ஒன்று உண்டு. அனுபவமில்லாதவர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்வார்கள். நொதித்து முடிந்த பீரில் வாசனைக்காக ஹாப்ஸை ஊறவைக்கும்போது, எண்ணெயோடு கூடவே இலையின் துவர்ப்புச் சத்தும் இறங்குகிறது. கனமான பீரில் அது மறைந்துகிடக்கும். மெலிந்த பீரில் கன்னத்தின் உட்புறத்தைப் பிடித்து இழுக்கும். மால்ட்டில் ஊறிய சாரத்தைக் கடைசிச் சொட்டு வரையில் பிழிந்தெடுக்க வேண்டுமென்று வெந்நீரைத் திரும்பத் திரும்ப ஊற்றினாலும் இதே விளைவுதான்: பிந்தி வரும் சாற்றில் அமிலத்தன்மை குறையக் குறைய, பார்லியின் உமியிலிருந்து துவர்ப்பு கரைந்து வரும். நல்ல ஆலைகள் அந்தக் கடைசிச் சாற்றை வேண்டாமென்று விட்டுவிடும், அல்லது ஊற்றும் நீரில் சிறிது அமிலம் சேர்க்கும்.

பரிகாரங்கள் இல்லாமலில்லை, வாசகர் அவற்றைத் தெரிந்துவைத்துக்கொண்டால், ஆலையாரோடு பேச வாய்க்கும்போது கேட்கவேண்டிய கேள்விகளும் தெரிந்துவிடும். மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் வெப்பநிலை முதலாவது. 64, 65 டிகிரி செல்ஷியஸில் ஊறவைத்தால், மாவுச்சத்தைச் சிறு சர்க்கரையாக வெட்டும் என்ஸைம் மும்முரமாக வேலை செய்து, ஈஸ்ட் முழுவதையும் தின்று தீர்க்கும்படி விட்டுவிடும். 68 முதல் 70 டிகிரி வரை உயர்த்தினால் அந்த என்ஸைம் சீக்கிரத்தில் செயலிழந்துபோக, ஈஸ்டால் தின்ன முடியாத நீண்ட சர்க்கரைகள் பீரில் தங்கி அதற்கு உடம்பைக் கொடுக்கும். ஓட்ஸ், கோதுமை, ரை ஆகியவற்றைக் கலப்பது இரண்டாவது. மூன்றாவது ஈஸ்ட்: சில ஆங்கிலேய ஈஸ்ட் வகைகள் மால்ட்டோட்ரையோஸ் என்ற சர்க்கரையைத் தொடாமலே ஓய்ந்துவிடும், மற்ற இடங்களில் குறையாக எண்ணப்படும் அந்தச் சோம்பல் இங்கே பேருபகாரம். நீரில் சல்பேட்டைக் குறைத்துக் குளோரைடைக் கூட்டினால் கசப்பின் கூர் மழுங்கி வாய்க்கு நிறைவு வரும். ஹாப்ஸைக் கொதியின் ஆரம்பத்திலேயே போட்டு ஒரு மணி நேரம் வேகவிடாமல், அதில் பெரும்பங்கைக் கொதி அடங்கும் தறுவாயிலும், 80 டிகிரிக்கு ஆறிய பிறகும் சேர்த்தால், கசப்பு அளவோடு நிற்க, வாசனை மிகும். ஸ்டோன் ஆலையார் கோ டூவுக்குக் கையாண்ட முறை இந்த ஜாதியைச் சேர்ந்தது.

இந்த ஏற்பாடுகளையெல்லாம் கெடுக்கக்கூடிய ஒரு விசித்திரத்தையும் சொல்லவேண்டும். ஹாப்ஸிலேயே சிறிதளவு என்ஸைம் உண்டு. நொதிப்புக்குப் பின் ஹாப்ஸை ஊறவைக்கும்போது, காய்ச்சுபவர் அரும்பாடுபட்டு மிச்சம்பிடித்த நீண்ட சர்க்கரைகளை அது சத்தமில்லாமல் வெட்டிப்போட, உறங்கிக்கொண்டிருந்த ஈஸ்ட் எழுந்து அவற்றைத் தின்னத் தொடங்கும். மது சிறிது ஏறும், உடம்பு இளைக்கும், வெண்ணெய் வாசனை ஒன்றும் தலைகாட்டும். 8 சதவீதப் பீருக்கு இது ஓர் அசௌகரியம். 3 சதவீதப் பீருக்கு ஆபத்து. குறைந்த மதுவில் நல்ல ஹாப்ஸ் பீர் காய்ச்சுவது கூடின மதுவில் காய்ச்சுவதைவிடக் கடினம் என்று ஆதரவாளர்கள் சொல்வதை இந்தக் காரணங்களால் நான் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கடினமான காரியம் என்பதற்காக நம் நாக்கு சலுகை காட்டவேண்டுமென்று அவர்கள் அடுத்தபடியாகச் சொல்வதை ஒப்புக்கொள்வதற்கில்லை.

லண்டனில் பெர்மண்ட்ஸி பகுதியின் ரயில்பாதை வளைவுகளுக்கடியில் 2009-ல் தொடங்கிய கெர்னல் ஆலையார் டேபிள் பீர் என்று ஒன்றைக் காய்ச்சுகிறார்கள். 3 சதவீதத்தை ஒட்டி நிற்கும் அந்தப் பீரில் ஹாப்ஸின் வகை ஈட்டுக்கு ஈடு மாறும்; மதுச்சத்தும் சிறிது முன்பின்னாக இருக்கும். ஐ.பி.ஏ. என்ற பட்டத்தை அது கோரவில்லை. ஆனாலும் ஹாப்ஸின் வாசனை முழுவீச்சில் இருக்க, வாய் நிறைவும் குறையாமலிருப்பதை நான் வேறெங்கும் இவ்வளவு சுத்தமாகக் கண்டதில்லை. 'இவ்வளவு குறைவான மதுவில் முடியாது' என்று சாதிப்பவரிடம் வாதிட்டுக் களைப்பதைவிட, பேசாமல் இதில் ஒரு பாட்டிலை அவர் முன்னே வைத்துவிடலாம்.

விலையைப் பற்றிய மனஸ்தாபம் அடுத்தது. பாதி மதுவுக்கு முழு விலையா என்று கேட்பவர்கள், பீரின் விலையில் மால்ட்டின் பங்கு எவ்வளவு சிறியது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஹாப்ஸ், கூலி, கேன், வாடகை, போக்குவரத்து எல்லாம் இரண்டுக்கும் ஒன்றே. அமெரிக்க ஐக்கிய நாட்டின் மத்திய வரியும், பீரைப் பொறுத்தமட்டில், பீப்பாய்க் கணக்கில் விதிக்கப்படுவதேயன்றி மதுச்சத்தைப் பார்த்து விதிக்கப்படுவதன்று. பிரிட்டனில் நிலைமை வேறு. 2023 ஆகஸ்டு முதல் தேதி அமலுக்கு வந்த விகிதப்படி, 3½ சதவீதத்துக்குக் கீழ்ப்பட்ட பீரில் உள்ள சுத்த மதுவுக்கு லிட்டருக்கு 9.27 பவுனும், 3½ முதல் 8½ சதவீதத்துக்குக் கீழ்ப்பட்டதற்கு 21.01 பவுனும் வரியாக இருந்தது. அந்த விகிதத்தில் அரை லிட்டர் பாட்டிலுக்குக் கணக்கிட்டால், 3.4 சதவீதத்தில் ஏறக்குறைய 16 பென்ஸ், 3.5 சதவீதத்தில் 37 பென்ஸ். பத்தில் ஒரு பங்கு சதவீதத்தைக் கூட்டினால் வரி இரட்டிப்புக்கு மேலாகிறது! பெயர் தெரிந்த பீர்கள் பல திடீரென்று 3.4-க்கு இறங்கியதன் ரகசியம் இதுதான். வரிக்காகத் தண்ணீர் கூட்டப்பட்ட பீரையும், தொடக்கத்திலிருந்தே மெல்லியதாகத் திட்டமிடப்பட்ட பீரையும் ஒரே தட்டில் வைத்து நிறுப்பது அநியாயம். ஆனால் இன்றைய விவாதங்களில் இந்த அநியாயம் தாராளமாக நடக்கிறது.

மிதத்தைப் பற்றிய வாதத்தில், ஆதரவாளர்கள் சற்று அதிகமாகவே உரிமை கொண்டாடுகிறார்கள். பிரிட்டிஷ் கணக்கில் 10 மில்லிலிட்டர் சுத்த மது ஓர் அலகு. 568 மில்லிலிட்டர் கொண்ட ஒரு பைண்ட், 7 சதவீதத்தில் 4 அலகு; 3 சதவீதத்தில் 1.7 அலகு. ஒன்றுக்கு ஒன்று என்று மாற்றிக்கொள்பவருக்கு இது பெரிய லாபம்தான். ஆனால் மெல்லிய பீரின் சிறப்பே மூன்று கோப்பை அருந்தலாம் என்பதாக இருக்கும்போது, மூன்று கோப்பை 5.1 அலகாகிறது; கனமான ஐ.பி.ஏ. ஒன்றோடு எழுந்துபோனவரைவிட இவர் அதிகம் அருந்தியவராகிறார். வாரத்துக்கு 14 அலகுக்கு மேற்படவேண்டாம் என்பது 2016 முதல் அந்நாட்டு வைத்திய அதிகாரிகள் சொல்லும் வரம்பு. அந்த வரம்பு கோப்பையின் எண்ணிக்கையையும் சேர்த்தே பார்க்கும். வண்டி ஓட்ட வேண்டியவருக்கு இந்த அத்தியாயத்தின் எந்தப் பீரும் உகந்ததன்று. 0.5 சதவீதத்துக்குட்பட்ட மதுவற்ற ஹாப்ஸ் பீர்கள் அவருக்கென்றே உள்ளன. அவற்றின் செய்முறையும் குணமும் வேறானபடியால் அவற்றுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கியிருக்கிறேன்.

இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டு வாசகர் தாமே பரீட்சை செய்து பார்க்கவேண்டும். 7 சதவீத ஐ.பி.ஏ. ஒன்று, 4½ சதவீதச் செஷன் ஐ.பி.ஏ. ஒன்று, 3 சதவீதத்தை ஒட்டிய டேபிள் பீரோ பிட்டரோ ஒன்று, ஆக மூன்றை எடுத்துக்கொள்க. முடிந்தால் மூன்றும் ஒரே ஆலையுடையனவாகவோ, ஒரே ஹாப்ஸ் வகையில் அமைந்தனவாகவோ இருக்கட்டும். மெல்லியதிலிருந்து தொடங்கிக் கனமானதில் முடிக்கவேண்டும்; தலைகீழாகச் செய்தால் கனமான பீரின் இனிப்பு நாக்கில் படிந்துகொண்டு, பின்னால் வருவதெல்லாம் தண்ணீராகவே தோன்றும். சங்கங்களில் நடக்கும் ஒப்பீடுகளில் பாதி இந்த ஒரு காரணத்தாலேயே பயனற்றுப்போகின்றன. குளிர்பெட்டியிலிருந்து எடுத்தவுடன் ஊற்றாமல் 8 முதல் 10 டிகிரி வரையில் வரவிட வேண்டும். பீப்பாயிலேயே பக்குவப்படும் ஆங்கிலேய ஏலானால் 12 டிகிரி. அதிகக் குளிர் மெல்லிய பீரின் மால்ட்டை ஊமையாக்கிவிடும்.

முதல் மிடற்றில் தீர்ப்புச் சொல்லவேண்டாம். முதல் மிடற்றில் கனமான பீர்தான் எப்போதும் ஜயிக்கும். போட்டி நடுவர்கள் சிறு கோப்பையில் இரண்டு வாய் அருந்தி மார்க்குப் போடும் முறையில் மெல்லிய பீர்கள் பின்தங்குவதற்கும் காரணம் இதுவே. இந்த ஒப்பீட்டோடு நிறுத்தாமல், பிறகு ஒவ்வொன்றையும் தனித்தனி நாளில், உணவோடு, முழுக் கோப்பையாக அருந்திப் பார்த்து, கடைசிக் கால்பங்கை அருந்தும்போது நாக்கு என்ன சொல்கிறது என்று கவனிக்க வேண்டும். கசப்பு மேலே மேலே அடுக்கிக்கொண்டு போய்த் துவர்த்தால், அந்தப் பீர் ஐ.பி.ஏ.யைக் குறைத்துச் செய்தது. இன்னொரு கோப்பை வேண்டுமென்று தோன்றினால், அது தன் உத்தேசத்தை நிறைவேற்றிவிட்டது. என் அனுபவத்தில், அமெரிக்கச் செஷன் ஐ.பி.ஏ.க்களில் முக்கால்வாசி முதல் மிடற்றுப் பரீட்சையில் தேறி, கடைசிக் கால்பங்குப் பரீட்சையில் தவறுகின்றன. ஆங்கிலேயப் பிட்டர்கள் முதலாவதில் சாதாரணமாகத் தோன்றி இரண்டாவதில் நிமிர்ந்து நிற்கின்றன.

வாதம் முற்றும் சந்தர்ப்பங்களில், எதிராளி எந்தப் பீரை, எங்கே, எவ்வளவு நாள் பழையதாக அருந்தினார் என்று விசாரிப்பது பயன் தரும். ஹாப்ஸின் வாசனை எல்லாப் பீரிலும் நாளடைவில் மங்கும். மெலிந்த பீரில் அது மங்கிய பிறகு மூடிமறைக்க மால்ட்டோ மதுவோ போதாமல், நனைந்த அட்டைப்பெட்டியின் நாற்றம் நேராக மூக்கில் ஏறும். கடையில் வாங்கும்போது கேனின் அடிப்பக்கத்தைத் திருப்பி அடைத்த தேதியைப் பாருங்கள். உபயோகிக்கவேண்டிய கடைசித் தேதியை மட்டும் அச்சிடும் ஆலைகள் உண்டு, இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம். அடைத்து இரண்டு மாதத்துக்குட்பட்டதும், குளிரில் வைக்கப்பட்டதுமான சரக்கையே எடுக்கவேண்டும். வெளிச்சம் படும் அலமாரியில் அறைச் சூட்டில் அடுக்கிவைத்து, 'இதற்குத்தான் தள்ளுபடி' என்று கடைக்காரர் பெட்டியோடு நீட்டினால், இரண்டே இரண்டு கேன் போதுமென்று சொல்லிக் குளிர்பெட்டியைக் காட்டச் சொல்லலாம். அங்கே இல்லையென்றால் அன்றைக்கு வேறு எதையாவது வாங்கிக்கொள்ளலாம்.